ப்ராக்டர் கிழித்த தாள்: ‘தி குரூசிபிள்’ பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய ‘தி குரூசிபிள்’ நாடகத்தைப் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: சூனியக் குற்றம் சாட்டப்பட்ட விவசாயி ஜான் ப்ராக்டர் பொய் சொல்ல மறுத்து உயிரை விட்டான். முதல் தவறே இதுதான். அவன் பொய் சொன்னான். கடைசிக் காட்சியில், சாத்தானைப் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போடுகிறான். விடிந்தால் தூக்கு, மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், அவனுக்கு வாழ ஆசை. இந்தச் சறுக்கலை விட்டுவிட்டு எழுதினால் மரத்தில் செதுக்கிய புனிதர்தான் மிஞ்சுவார்.

அவன் எங்கே முரண்டு பிடிக்கிறான் என்று பாருங்கள். வேறு யாரையெல்லாம் சாத்தானோடு பார்த்தாய் என்று நீதிபதி டான்ஃபோர்த் கேட்கும்போது, என் பாவத்தைத்தான் சொல்வேன், அடுத்தவரைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்கிறான். அப்புறம், கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுக்க மறுக்கிறான். அது தேவாலயக் கதவில் தொங்கப்போகிறது. பொய் சொல்ல மறுத்த ரெபெக்கா நர்ஸ் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைத் தூக்கிலிடுவது நியாயம்தான் என்று காட்ட அந்தத் தாள் உதவும். அதனால்தான் கிழிக்கிறான்.

‘என் பெயர்’ என்று அவன் கதறுவதை ஊரில் இருக்கும் மதிப்பு, கௌரவம் என்று விளக்குவது இன்னொரு தவறு. ஊர் மதிப்பை அவன் மூன்றாம் அங்கத்திலேயே தொலைத்துவிட்டான். சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட மனைவியைக் காப்பாற்ற, முன்பு தன் வீட்டில் வேலை செய்த அபிகெயிலோடு தனக்கு இருந்த தகாத உறவை நீதிமன்றத்தில் தானே போட்டு உடைத்தவன் அவன். உண்மைக்காக மானத்தை விட்டவன், பொய்க்காகப் பெயரைத் தர மறுக்கிறான். எனக்கு நாடகமே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒப்புக்கொண்டவர்களைக் கோழைகள் என்று எழுதாதீர்கள். 1692இல் சேலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அதிலேயே நின்ற யாரும் தூக்கில் தொங்கவில்லை. மறுத்தவர்களும், ஒப்புக்கொண்டபின் அதைத் திரும்பப் பெற்ற ஒருவருமாக 19 பேர் தொங்கினார்கள். பொய்க்கு உயிர், உண்மைக்குக் கயிறு என்று ஏற்பாடு செய்தது நீதிமன்றம். முதலில் ஒப்புக்கொண்ட டிட்டுபா ஓர் அடிமைப் பெண். அவள் முன்னால் வேறு என்ன வழி இருந்தது?

சின்னத் தவறுகளும் உண்டு. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. நிஜ ப்ராக்டருக்கு வயது 60 இருக்கும், அபிகெயிலுக்கு 11 அல்லது 12. அந்த உறவு மில்லரின் கற்பனை. கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் மில்லர் நின்று பிறர் பெயரைச் சொல்ல மறுத்தது 1956இல். நாடகம் மேடையேறியதோ 1953இல். அதனால் தன் விசாரணையை வைத்து இதை எழுதினார் என்று சொல்வது பிழை.

நிஜ ப்ராக்டரின் குரலைக் கேட்க விரும்பினால், 1692 ஜூலை 23 அன்று சிறையிலிருந்து பாஸ்டன் மத போதகர்களுக்கு அவர் அனுப்பிய மனுவைப் படியுங்கள். ஒப்புக்கொள்ள மறுத்த தன் மகன் வில்லியமை, கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் கொட்டும்வரை வைத்திருந்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.