கோன்செட்டை இறுக்கும்போது நேரும் தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பெட்டிகளும் பின்னிருக்கை ஆளுமாக மோட்டார் சைக்கிளில் இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் முன் பிரேக் பிடிக்கப் பிடிக்க, பாரத்தின் பெரும்பங்கு முன்னே சாய்ந்து கோன்செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் உள்ள பேரிங்கை, தாக்குகிறது. அங்கே ‘டக்’ என்று சத்தம் கேட்டவுடன் நட்டை இறுக்கிவிடுவதே நம்மில் பலர் செய்யும் முதல் தவறு.

ஃபோர்க்கின், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரு கால்களின், உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்தாலும் பிரேக் பேட் அசைந்தாலும் அதே சத்தம் வரும். ஆகவே வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி தாங்கு கொடுத்து, ஃபோர்க்கின் இரு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அப்போது இன்னொருவர் கழுத்தின் இடுக்கில் விரலை வைத்திருந்தால் ஆட்டம் அங்கேதானா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது தவறுதான் ஆபத்தானது: பழுதான பேரிங்கை இறுக்கியே சரிசெய்யப் பார்ப்பது. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர் நிலையில் மட்டும் குழிக்குள் விழுந்ததுபோல் பிடித்துக்கொண்டால், பேரிங்கின் ரேஸ், அதாவது குண்டுகள் உருளும் வளையம், பள்ளமாகிவிட்டது என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் அது சரியாகாது. என் வண்டியில் நானே அப்படி இறுக்கி ஓட்டியபோது, நேர்ச்சாலையிலும் வண்டி இடமும் வலமும் அலைந்தது, வளைவுகளில் ஹேண்டில் தானாகத் திரும்ப மறுத்தது. பிறகு கழற்றி, காய்ந்து பழுப்பேறிய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன்: கீழ் ரேஸில் பணியாரக்கல்லைச் சிறிதாக்கியதுபோல் குழிகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலும் நேராகவே ஓடும் வண்டியில் குண்டுகள் ஒரே இடத்தில் நின்று, சாலைப் பள்ளங்களின் அடியையெல்லாம் அங்கேயே வாங்குவதால் வந்த தழும்புகள் அவை. இந்நிலையில் குண்டுகளை மட்டும் மாற்றுவது வீண் செலவு. ரேஸையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

உளியும் சுத்தியலும் கொண்டு நட்டைத் தட்டுவதை விட்டு, கொக்கி ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். மேல் பிரிட்ஜில், அதாவது ஃபோர்க்கின் இரு கால்களையும் மேலே இணைக்கும் தகட்டில், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தாமல் சரிசெய்தால் அளவு பொய்யாகும். மேல் நட்டை முறுக்கியபின் இறுக்கம் கூடும் என்பதால் மறுபடியும் சோதிக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் இருக்க, நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் ஹேண்டில் இருபுறமும் தன் எடையிலேயே வழுக்கி இறங்கினால் போதும், ஆனால் ஒயர்களும் கேபிளும் இழுக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கு அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். புதிய கோன்செட் சற்றுப் படிந்து தளரும் என்பதால், முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் பார்ப்பது நல்லது. வாட்டர் சர்வீஸில் கழுத்தை நோக்கி நீரைப் பீய்ச்ச விடாதீர்கள். அங்குள்ள கிரீஸ் கரைந்துபோகும்.