வாடகை பாக்கியும் அரசு நிவாரணமும்: கடலூர் வீட்டு உரிமையாளர்கள் செய்ய வேண்டியவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு அந்த மாதங்களில் வாடகை தள்ளிப்போவது பழகிய சங்கதிதான். விசைப்படகில் கூலிக்குப் போகிறவரின் தாமதத்தையும், கையில் பணம் இருந்தும் இழுத்தடிப்பவரின் போக்கையும் ஒன்றாகக் கருதாமல், முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"அரசுப் பணம் வந்ததும் தருகிறேன்" என்று குடியிருப்பவர் சொன்னால், எந்தப் பணம் என்று கேளுங்கள். தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாய் மீனவக் குடும்பங்களுக்கு உரியது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர் அதை நம்பி வாக்குக் கொடுத்தால் அந்த வாக்கு நிற்காது. மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். அது குடும்பத் தலைவியின் பணம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் தரும் வாடகை உதவியோ, பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டுவதற்காக அங்கிருந்து வெளியேறும் குடும்பங்களுக்கானது. இவை எதுவும் உங்கள் கணக்குக்கு நேராக வராது. எனவே நிவாரணத்தை எதிர்பார்த்துப் பொறுப்பதானால், "ஏப்ரல், மே வாடகை பாக்கி 9,000 ரூபாயில் ஜூன் 30-க்குள் 3,000, மீதி இரண்டு தவணை" என்று தேதியோடு எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் தொகைக்கு எந்த மாதத்து பாக்கி என்று குறிப்பிட்டு ரசீது கொடுங்கள். குடும்ப அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ பிணையாக வாங்கி வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு; அதனால் வம்புதான் வரும், வாடகை வராது.

தவணையும் தவறினால் சட்டத்தை நாட வேண்டியதுதான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதோடு, துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கவும் வேண்டும். பதிவு எண் இல்லாமல் வழக்கறிஞரிடம் போனால் அவர் முதலில் கேட்பதே அதைத்தான். இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்தால், தொகையை மாதவாரியாகக் கணக்கிட்டு, கையெழுத்திட்ட நோட்டீஸைப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, அது சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாக முன்பே பேசியிருந்தால், கழித்தது போக மீதியையே கேட்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் முழு பாக்கியையும் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக வீட்டைக் காலி செய்யும் உத்தரவு கிடைக்காது. ஆனால் அதற்குப் பின் ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அதே சலுகை அவருக்கு மீண்டும் இல்லை. நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

இந்த இடைவெளியில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதும் பூட்டை மாற்றுவதும் கூடாது. அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதைச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது; மீறினால் பாக்கி வைத்தவரே உங்கள் மீது புகார்தாரராகி விடுவார்.

வீடு முள்ளோடைக்கு அப்பால், கன்னியக்கோயிலிலோ கிருமாம்பாக்கத்திலோ இருந்தால் அது புதுச்சேரி. அங்கு 1969-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனியாக உள்ளது. கடலூரில் தயாரித்த நோட்டீஸை அங்கே அப்படியே அனுப்பாமல், புதுச்சேரி வழக்கறிஞரைக் கொண்டு எழுதுங்கள்.