கேட்டது கையில் கிடைத்தால் சொல் நிற்கும்

காது கேளாத குழந்தை ‘பந்து’ என்று சொல்லவோ சைகை காட்டவோ முயன்றால், அதற்கு ஏற்ற பரிசு பந்துதான், மிட்டாய் இல்லை. மிட்டாய்க்குப் பழகிய குழந்தையின் கண் நம் கையிலேயே இருக்கும், முகத்துக்கு வராது. முகத்தைப் பார்க்காத குழந்தைக்கு உதட்டசைவும் தெரியாது, சைகையும் தெரியாது.

காது மெஷின் போடும் குழந்தையென்றால் தினமும் காலையில் பேட்டரியைச் சோதியுங்கள். விசில் சத்தம் வந்தால் பெரும்பாலும் காது அச்சு (காதுக்குள் பொருத்தும் வார்ப்பு) சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். மெஷினோடு ஒலிகள் கேட்கின்றனவா என்று பார்க்க, மூன்று வயதை ஒட்டிய குழந்தையோடு கட்டை விளையாட்டு விளையாடலாம். வாய் தெரியாதபடி பக்கவாட்டில் உட்கார்ந்து ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சத்தம் கேட்டால் குழந்தை ஒரு கட்டையை வாளியில் போட வேண்டும். முதல் சில முறை கையைப் பிடித்துப் போடவையுங்கள். இடைவெளியை 2 விநாடி, 8 விநாடி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே தாளத்தில் சொன்னால் குழந்தை காதால் கேட்காமல் தாளத்தை வைத்தே போட்டுவிடும். கேட்டுப் போட்டால் மட்டும் பாராட்டுங்கள். வழக்கமாகக் கேட்கும் ஒலி ஒன்று திடீரென்று கேட்காமல் போனால் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) காட்டுங்கள்.

சொல் பழக்க, குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். பந்தை உங்கள் கன்னத்தருகே பிடித்து, குழந்தை நிமிர்ந்து பார்த்த பிறகே சொல்லுங்கள், சைகை காட்டுங்கள். பிறகு மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். பலரும் தவறுவது இங்கேதான். மூன்று எண்ணுவதற்குள் தாமே மறுபடி சொல்லிவிடுகிறார்கள். ‘ப’ என்றாலும், விரல்கள் அரைகுறையாக வளைந்தாலும், அந்த நொடியே பந்தைக் கொடுங்கள். குழந்தை மீண்டும் உங்களைப் பார்க்கும்போது ‘பந்து! சிவப்புப் பந்து!’ என்று விரித்துச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் கைதட்டுவது பாராட்டாகாது; அது குழந்தைக்குப் போய்ச் சேராது.

‘ப’ நிலைத்த பின் ‘பந்’ வரக் கொஞ்சம் காத்திருக்கலாம். இரண்டு முறை முயன்றும் வராவிட்டால் கொடுத்துவிடுங்கள். பாலையும் தண்ணீரையும் சொல் வரும்வரை மறுத்துப் பிடித்துவைக்கவே கூடாது.

அழுதாலே பந்து கிடைக்கும் வீட்டில் சொல்லுக்கு வேலை இல்லை. அழும்போது சைகையைக் காட்டி, குழந்தை சிறிதளவு முயன்றாலும் கொடுங்கள். ‘மாமாவுக்குச் சொல்லிக் காட்டு’ என்று விருந்தாளி முன் நிறுத்தாதீர்கள். பேச்சு வரவேண்டும் என்று சைகை காட்டும் கையைத் தட்டிவிடுவது கொடுமை. சைகையும் மொழிதான், அதற்கும் பந்தைக் கொடுங்கள்.