கோடை அறிவியல் முகாமில் ரீடிங்கை மாற்றி எழுதாதீர்கள்

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த கோடையில், கடலூரில் ஒரு கல்லூரி பள்ளி மாணவர்களுக்காக நடத்திய இரண்டு வார அறிவியல் முகாமில் இருந்தேன். இப்போது வேதியியல் இளங்கலை படிக்கிறேன். ஏப்ரல் வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் யாராவது, "அக்கா, முகாமுக்கு என்னென்ன படிச்சிட்டுப் போகணும்?" என்று கேட்பார்கள். படித்ததை மட்டும் நம்பித்தான் அங்கே நான் பெரிய தவறைச் செய்தேன். அதற்கு முன்னால் இரண்டு சின்ன விஷயங்கள்.

"சர்டிபிகேட் இருந்தா சீட் சுலபமா கெடைக்கும்" என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு 200-க்குக் கணக்கிடும் பிளஸ் டூ கட்-ஆஃப், மருத்துவத்துக்கு நீட். கோடை முகாம் சான்றிதழுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. எத்தனை நாள் ஆய்வகத்தில் நம் கையால் செய்ய விடுவார்கள் என்று விசாரியுங்கள். நாள் முழுக்க அரங்கில் உட்கார்ந்து ஸ்லைடு பார்ப்பதுதான் முகாம் என்றால், அந்தப் பணம் வீட்டில் இருக்கட்டும்.

எந்த வகுப்புக்கு என்பதையும் பார்த்துவிடுங்கள். இஸ்ரோ 2019-இல் தொடங்கிய யுவிகா முகாம் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. பிளஸ் ஒன் முடித்துவிட்டு அதைத் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி என் கதை. தேவனாம்பட்டினத்துப் பக்கம் கெடிலம் கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் எடுத்து, அதில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்ப்பது எங்கள் குழுவின் வேலை. முறை விங்க்ளர் முறை, 1888-இல் வந்தது. கண்ணாடிப் பாட்டிலில் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ஆற்றங்கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வீழ்படிவு வரும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். ஆய்வகத்துக்கு வந்து அமிலம் விட்டால் அயோடின் வெளிவரும். அந்த அயோடின் தீரும்வரை தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்று அளந்தால் (இதுதான் டைட்ரேஷன்) கணக்கு வந்துவிடும்.

காலை 6 மணிக்கு ஒரு பாட்டில், பகல் 1 மணிக்கு ஒரு பாட்டில். லேபிளில் 1, 2 என்று மட்டும் எழுதினேன். டைட்ரேஷன் முடிந்ததும் காலைத் தண்ணீரில் லிட்டருக்கு 3.9 மில்லிகிராம், பகல் தண்ணீரில் 6.6. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் சூடாக ஆக அதில் வாயு கரைவது குறையும் என்று அந்த வருஷம்தான் கரைசல்கள் பாடத்தில் படித்திருந்தேன். கத்திரி வெயிலில் கொதித்த தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாக எப்படி இருக்கும்? பாட்டில் இடம் மாறியிருக்கும் என்று முடிவு கட்டி, பென்சிலில் எழுதியதை ரப்பரால் அழித்து, இரண்டு எண்களையும் மாற்றி எழுதிவிட்டேன். ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பள்ளியில் ரெக்கார்டு நோட்டுக்கு அப்படித்தான் பழகியிருந்தோம். வர வேண்டிய விடை முன்கூட்டியே தெரியும், ரீடிங் அதை நோக்கி நகரும்.

எங்களைப் பார்த்துக்கொண்ட ஆராய்ச்சி மாணவி அக்கா நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, அழிச்சிருக்க? முதல்ல என்ன வந்துச்சு?" சொன்னேன். "பாட்டில்ல நேரம் எழுதலையா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் திட்டவில்லை. "நாளைக்கு விடியறதுக்குள்ள மறுபடி போலாம்" என்றார்.

மறுநாள் தேதி, நேரம், இடம், தண்ணீரின் வெப்பநிலை எல்லாம் லேபிளில் எழுதி எடுத்தோம். காலை 4.1, பகல் 6.4. முதல் நாள் வந்ததும் சரிதான். பாடப் புத்தகமும் பொய் சொல்லவில்லை. அது தண்ணீரை மட்டும் பேசுகிறது, ஆற்றிலோ பாசி இருக்கிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விடுகிறது. ராத்திரியில் பாசி, மீன், பாக்டீரியா எல்லாம் சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன. அதனால் விடியும் நேரத்தில்தான் அளவு மிகவும் இறங்கியிருக்கும். அந்த இரண்டு வாரத்தில் எங்கள் குழு கண்டதிலேயே முக்கியமானது இதுதான். அதைத்தான் நான் ரப்பரால் தேய்த்திருந்தேன்.

ஆகவே பேனாவில் எழுதுங்கள். தவறு என்று தோன்றினால் ஒரே கோடு போட்டு அடியுங்கள், அடித்த எண் படிக்கும்படி இருக்கட்டும். ஏன் அடித்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். உள்ளங்கையிலும் பஸ் டிக்கெட்டின் பின்புறத்திலும் குறித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கைவேலையில் நடப்பவை: டைட்ரேஷனில் அயோடினை நீலமாகக் காட்டும் ஸ்டார்ச்சை அவசரப்பட்டு முதலிலேயே ஊற்றிவிடுவார்கள். கரைசல் வெளிர் மஞ்சளுக்கு வந்த பிறகு விட்டால்தான் நீலம் மறையும் இடம் துல்லியமாகத் தெரியும். கரைசலை அளந்து விடும் நீளக் குழாயான பியூரெட்டை மேலிருந்து பார்த்துப் படிப்பார்கள். கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். திரவத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டில் வாயை வைக்காதீர்கள், ரப்பர் பல்பு கேளுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள், தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். மே மாத வெயிலில் கரையில் நிற்கும்போது தொப்பியும் குடிதண்ணீரும் கட்டாயம். எங்கள் குழுவில் ஒரு பையன் இரண்டாம் நாளே மயங்கி விழுந்தான்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று, இது எனக்கு நெஞ்சில் தைத்த விஷயம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமிருந்து வந்த நாங்கள் முதல் வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை. ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை ஆங்கிலத்தில் சொன்னபோது ஏதோ புதிய பாடம் என்று பயந்துவிட்டோம். புரியாத சொல்லை எழுதி வைத்து, இடைவேளையில் தமிழிலேயே கேளுங்கள். பேராசிரியர்களில் பலரும் நம் ஊர்க்காரர்கள்தான், தமிழில் கேட்டால் தமிழில் விளக்குவார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வியே எட்டாம் நாள்தான் வந்தது. "அப்போ விடிகாலையில மீனுக்கு மூச்சு முட்டாதாக்கா?" முட்டும் என்றார் அக்கா. பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் குட்டைகளில் ராத்திரியெல்லாம் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சுற்றிக்கொண்டிருப்பது அதற்காகத்தான் என்றார். விடியும் முன் கரண்ட் போய் ஏரேட்டர் நின்றால், பொழுது விடிவதற்குள் இறால் செத்துவிடுமாம்.