ஒரே பாஸ்கல் நிரல், பல இயங்குதளங்கள்: லாசரஸில் ஓர் எழுத்து எண்ணி

பாஸ்கல் என்றதும் “அது இன்னும் இருக்கிறதா?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். இருக்கிறது. நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட மொழி, 1983இல் டர்போ பாஸ்கலாக வீட்டுக் கணினிகளுக்கு வந்தது, 1995இல் டெல்பி ஆனது. 1999இல் தொடங்கிய லாசரஸ் என்ற நிரலாக்கச் சூழல், டெல்பி போன்ற வசதியை இலவசமாக எல்லாருக்கும் திறந்துவிட்டது. மெகிடோ என்ற முந்தைய முயற்சி பாதியில் செத்துப்போனதால்தான், விவிலியத்தில் இறந்து எழுந்த லாசருவின் பெயரை இதற்கு வைத்தார்கள்.

“ஒருமுறை எழுது, எங்கும் கம்பைல் செய்” என்பது லாசரஸ்காரர்களின் வாசகம். கம்பைல் ஆவது, அதாவது மூலநிரல் இயந்திர நிரலாக மாறுவது, உண்மைதான். ஆனால் கம்பைல் ஆன நிரல் இன்னொரு கணினியில் ஒழுங்காக நடந்துகொள்ளுமா என்பது வேறு கதை. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். தமிழ் எழுத்துகளை எண்ணும் சின்ன மென்பொருள் ஒன்றைச் செய்வோம். போகிற வழியில் தடுக்கிவிழும் இடங்களில் எல்லாம் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு விஷயம்: கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். முதல் சில எழுத்துகளை அடித்து கன்ட்ரோல்-ஸ்பேஸ் தட்டினால் மீதியை லாசரஸே எடுத்துக்கொடுக்கும்.

படி 1: நிறுவுதல்

விண்டோஸில் லாசரஸ் தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்கி ஓட்டினால் போதும், ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரும் கூடவே வந்துவிடும். அது காட்டும் இடத்திலேயே நிறுவுங்கள், இடைவெளி உள்ள பெயர்கொண்ட ஃபோல்டரில் வேண்டாம். உபுண்டு போன்ற லினக்ஸில் களஞ்சியத்தில் கிடைப்பது பெரும்பாலும் பழைய பதிப்பாக இருக்கும். பழகிப்பார்க்க அதுவே போதும். மேக்கில் முதலில் ஆப்பிளின் எக்ஸ்கோடு கட்டளைக் கருவிகளைப் போட்டுவிட்டு அப்புறம் லாசரஸுக்கு வாருங்கள்.

படி 2: புராஜெக்ட் தொடங்குதல்

புராஜெக்ட் மெனுவில் நியூ புராஜெக்ட், அதில் அப்ளிகேஷன். ஃபார்ம் எனப்படும் வெற்றுச் சாளரம் ஒன்று வந்து நிற்கும். எதையும் தொடுவதற்கு முன் தனி ஃபோல்டர் உருவாக்கி அதில் சேமித்துவிடுங்கள்.

கோப்புப் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும். விண்டோஸுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது, லினக்ஸுக்கு உண்டு. நான் முதன்முதலில் ஒரு புராஜெக்டை லினக்ஸுக்குக் கொண்டுபோனபோது, கண்ணெதிரே இருக்கிற யூனிட்டை (தனிக் கோப்பாக உள்ள நிரல் பகுதியை) காணவில்லை என்று கம்பைலர் சாதித்தது. அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கோப்புப் பெயரின் நடுவில் ஒரே ஓர் எழுத்து பெரிதாக இருப்பது கண்ணில் பட்டது.

புராஜெக்டின் முதன்மைக் கோப்பைத் திறந்தால், பயன்படுத்தும் யூனிட்களைப் பட்டியலிடும் யூஸஸ் பகுதியின் தொடக்கத்தில், யூனிக்ஸாக இருந்தால் மட்டும் சிதிரெட்ஸ் என்ற யூனிட்டைச் சேர்க்கும் நிபந்தனை ஒன்று தெரியும். வேண்டாத குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். லினக்ஸிலும் மேக்கிலும் திரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஓட அது வேண்டும், பட்டியலில் முதலில் இருக்கவும் வேண்டும்.

படி 3: ஃபார்ம்

ஒரு பேனலைப் போட்டு அதன் அலைன் பண்பைக் கீழ்ப்பக்கமாக வையுங்கள். பேனலுக்குள் ஒரு பட்டனும் ஒரு லேபிளும். மேலே மிச்சமுள்ள இடம் முழுக்க ஒரு மெமோ (பல வரி எழுதும் பெட்டி), அதன் அலைன் பண்பு கிளையன்ட்.

பட்டனைக் கையால் இழுத்து அளவு வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், ஆட்டோசைஸை ட்ரூ ஆக்கிவிடுங்கள். லாசரஸ் தானாகப் பட்டன் வரைவதில்லை. விண்டோஸில் விண்டோஸின் பட்டனையும், லினக்ஸில் ஜிடிகே அல்லது க்யூடியின் பட்டனையும், மேக்கில் கோகோவின் பட்டனையும் கேட்டு வாங்கி வைக்கிறது (இவை அந்தந்தத் தளத்தில் திரைக் கருவிகளை வரையும் நூலகங்கள்). ஒவ்வொன்றுக்கும் எழுத்துருவும் உயரமும் வேறு. விண்டோஸில் அளவெடுத்துத் தைத்த சட்டை லினக்ஸில் போட்டால் இறுக்கிப் பிடிக்கும். அதுவும் “எழுத்துகளை எண்ணு” என்று தமிழில் பட்டனுக்குப் பெயர் வைத்தால் கடைசி இரண்டு எழுத்து வெட்டுப்பட்டுப் போவது நிச்சயம்.

படி 4: எண்ணும் வேலை

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாமல் செய்யுங்கள்.

பட்டனை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினால் நிரல் எழுதும் இடம் திறக்கும். மெமோவின் டெக்ஸ்ட்டை லெங்த் செயற்கூறுக்குக் கொடுத்து, விடையை இன்ட்டுஸ்ட்ர் வழியாக லேபிளின் கேப்ஷனில் போடுங்கள். எஃப்9 தட்டி ஓட்டி, மெமோவில் “தமிழ்” என்று மட்டும் அடித்துப் பட்டனை அழுத்துங்கள்.

15 என்று வரும்! பதறவேண்டாம், நிரலில் தப்பில்லை. லாசரஸ் சரங்களை (எழுத்துத் தொடர்களை, ஸ்டிரிங்) யூடிஎஃப்-8 முறையில் வைத்திருக்கிறது. லெங்த் எண்ணுவது பைட்டுகளை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். (லினக்ஸில் மெமோ இறுதியில் ஒரு வரிமுறிவைச் சேர்த்துத் தந்தால் 16கூட வரலாம். அதற்கும் கீழே வழி இருக்கிறது.)

சரி, யூஸஸ் பகுதியில் லாஸ்யூடிஎஃப்8 யூனிட்டைச் சேர்த்துவிட்டு, லெங்த்துக்குப் பதில் யூடிஎஃப்8லெங்த் போடுங்கள். இப்போது 5 வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் த, மி, ழ் என்று மூன்றுதான் சொல்லும். அந்த மூன்றைக் கொண்டுவருவோம்.

ஃபைல் மெனுவில் நியூ யூனிட் கொடுத்து எழுத்து என்று பொருள்படும் பெயரில் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். ஏன் ஃபார்முக்குள்ளேயே எழுதக்கூடாது என்பது ஆறாவது படியில் புரியும். அந்த யூனிட்டின் யூஸஸில் லாஸ்யூடிஎஃப்8 மட்டும் போதும். ஃபார்ம்ஸ், டயலாக்ஸ் எதையும் உள்ளே விடாதீர்கள். உள்ளே ஒரு ஃபங்ஷன்: ஒரு சரத்தை வாங்கி ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அதன் வேலை இவ்வளவுதான்:

எண்ணிக்கையை 0 ஆக வை.
1 முதல் யூடிஎஃப்8லெங்த் வரை ஒவ்வோர் இடத்துக்கும், யூடிஎஃப்8காப்பி கொண்டு ஒரு குறியீட்டை வெட்டி எடு.
அது இடைவெளியா, 13 அல்லது 10 எண்ணுள்ள வரிமுறிவா? விட்டுவிடு.
அது உயிர்க்குறியா, புள்ளியா? விட்டுவிடு.
மற்றபடி எண்ணிக்கையில் 1 கூட்டு.

உயிர்க்குறியைக் கண்டுபிடிக்க எளிய வழி, துணைக்கால் முதல் ஔகாரக் குறி வரை 11 குறிகளையும் புள்ளியையும் ஒரே மாறிலிச் சரமாக எழுதி வைத்து, பாஸ் செயற்கூறால் தேடுவது. விடை 0க்கு மேல் இருந்தால் அது குறி. எடிட்டரில் இந்தக் குறிகள் வட்டமும் புள்ளியுமாக, கொஞ்சம் இடம் தள்ளித் தெரியலாம். கண்ணுக்குத்தான் அப்படி, கோப்பில் சரியாகவே இருக்கும்.

வரிமுறிவை ஏன் இரண்டு எண்ணாகச் சொன்னேன் என்றால், விண்டோஸில் ஒரு என்டருக்கு 13, 10 என இரண்டு குறியீடுகள், லினக்ஸில் 10 மட்டும். இதை விட்டிருந்தால் ஒரே கவிதைக்கு இரண்டு கணினியில் இரண்டு விடை வரும்.

இன்னொரு பொறி. யூனிட்டை லாசரஸ் வழியாக உருவாக்காமல் நோட்பேடில் எழுதினால், மேலே வரவேண்டிய எச் பிளஸ் என்ற கட்டளைக் குறிப்பு விட்டுப்போகலாம். அது இல்லாவிட்டால் ஸ்டிரிங் என்பது பழைய 255 பைட் சரமாகிவிடலாம். அப்படி ஆனால் தமிழில் 85 குறியீட்டோடு கதை முடிந்தது. பிழைச்செய்தி எதுவும் வராது, 86ஆவது குறியீடு முதல் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இப்போது பட்டன் நிரலில் இந்த ஃபங்ஷனை அழைத்து ஓட்டிப்பாருங்கள். 3.

படி 5: சேமிப்பதும் வேறு கணினிக்குப் போவதும்

மெமோவின் லைன்ஸில் சேவ்டுஃபைல் இருக்கிறது. கேள்வி, எங்கே சேமிப்பது என்பதுதான். சி டிரைவ் என்று நிரலில் எழுதினால் லினக்ஸில் அப்படி ஒன்றே கிடையாது. நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதினால் விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அனுமதி கிடைக்காது. கெட்ஆப்கான்ஃபிக்டிர் என்று கேளுங்கள். விண்டோஸில் பயனரின் ஆப்டேட்டாவுக்குள்ளும், லினக்ஸில் வீட்டு ஃபோல்டரின் கான்ஃபிக்குள்ளும் உரிய இடத்தைச் சொல்லும். அந்த ஃபோல்டர் இன்னும் இருக்காது என்பதால், சேமிக்கும் முன் ஃபோர்ஸ்டைரக்டரீஸ் கொண்டு உருவாக்கிவிடுங்கள்.

சோதனைக்காக, ஒரு வரியை எழுதிக்காட்டும் ரைட்எல்என் கட்டளையைப் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. லினக்ஸில் டெர்மினலில் அழகாக வரும். விண்டோஸ் வரைகலை நிரலுக்கு கன்சோலே கிடையாது, எனவே அதே வரி அங்கே பிழையோடு நிரலை நிறுத்தும். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

வேறு இயங்குதளத்துக்கு விண்டோஸிலிருந்தே கம்பைல் செய்ய முடியும். எஃப்பிசிஅப்டீலக்ஸ் என்ற கருவி அதற்கான கம்பைலர்களைக் கொண்டுவந்து தரும். ஆனால் அந்தத் தளத்தின் நூலகங்களும் வேண்டியிருக்கும், அவற்றைத் தேடி அலைவது தொடக்கத்திலேயே வேண்டாத வேலை. மெய்நிகர் கணினியில் லினக்ஸ் போட்டு, மூலநிரலைக் காப்பி செய்து, அங்கேயே எஃப்9 தட்டுவது எவ்வளவோ நிம்மதி. எப்படியும் அங்கே ஓட்டிப் பார்த்துத்தான் ஆகவேண்டும். மேக்கில் புராஜெக்ட் ஆப்ஷன்ஸில் அப்ளிகேஷன் பண்டில் உருவாக்கும் பட்டனை மறக்காதீர்கள், பண்டில் இல்லாத நிரலுக்கு விசைப்பலகைகூட ஒழுங்காக வேலைசெய்யாது.

படி 6: கைபேசி

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாம் இழுத்து வைத்த ஃபார்ம் ஆண்ட்ராய்டுக்கு அப்படியே வராது. லாசரஸின் வழக்கமான பட்டனும் மெமோவும் மேசைக் கணினிக்கானவை.

ஆண்ட்ராய்டுக்கு லாம்வ் என்ற கூடுதல் தொகுப்பு இருக்கிறது. எஸ்டிகே, என்டிகே என்ற ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்புகள், ஜாவா எல்லாம் நிறுவவேண்டும். இதில் பாதி நேரம் போகும், பொறுமையாக இருங்கள். நம் பாஸ்கல் நிரல் ஒரு நூலகமாகக் கம்பைல் ஆகும், ஜாவா அதை அழைக்கும். திரைக்கு ஜேபட்டன், ஜேஎடிட்டெக்ஸ்ட், ஜேடெக்ஸ்ட்வியூ என்று தனிக் கருவிகள். ஆகவே திரையைப் புதிதாகவே போடவேண்டும். நாலாம் படியில் தனியாக வைத்தோமே, அந்த எழுத்து யூனிட் மட்டும் ஒரு வரிகூட மாறாமல் இங்கே வந்து உட்காரும். புராஜெக்டில் லாஸ்யூடிஎஃப்8 அடங்கிய லாஸ்யூடில்ஸ் தொகுப்பைச் சேர்த்தால் போதும், அதற்குத் திரையோடு சம்பந்தமில்லை. ஃபார்முக்குள்ளேயே எழுதியிருந்தால் இப்போது உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருப்போம்.

கட்டமைக்கும்போது 64 பிட் ஆர்ம் கட்டமைப்பையும் சேருங்கள். இயந்திர நிரல் உள்ள செயலிகளுக்கு 2019 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோர் அதைக் கேட்கிறது.

ஐஃபோனுக்கும் சேர்த்து ஒரே திரை வேண்டுமென்றால் டெல்பியின் ஃபயர்மங்கி என்ற திரைக் கருவித்தொகுப்பின் பக்கம் போகவேண்டும். அது இயங்குதளத்தின் பட்டனைக் கேட்காமல் பெரும்பாலும் தானே வரைந்துகொள்கிறது. அதனால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே முகம், எந்த இடத்திலும் முழுக்கச் சொந்த முகம் இல்லை. மேக்கும் ஆப்பிள் கணக்கும் அப்போதும் தேவை. அங்கே சரம் யூடிஎஃப்-16 என்பதால் “தமிழ்” என்பதற்கு லெங்த் நேரடியாகவே 5 தரும், லாஸ்யூடிஎஃப்8 இருக்காது. நம் யூனிட்டில் யூடிஎஃப்8லெங்த், யூடிஎஃப்8காப்பி இரண்டையும் லெங்த், காப்பி என்று மாற்றினால் எண்ணிக்கை அதே 3தான்.

“லக்ஷ்மி” என்று அடித்துப் பாருங்கள். நம் நிரல் 4 சொல்லும், க், ஷ் இரண்டையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. க்ஷ் ஓர் எழுத்து என்று கருதுபவர்கள் கணக்கில் 3. அதற்கான நிபந்தனையை நீங்களே சேர்த்துப் பாருங்கள், தொடவேண்டியது எழுத்து யூனிட்டை மட்டும்தான்.