இல்லத் தலைவராகிவிட்டீர்களா? பதக்கத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் பெயர்ப் பட்டியலை வாங்குங்கள்

பள்ளியில் மொத்த மாணவர்களையும் சில அணிகளாகப் பிரித்திருப்பார்களே, அதுதான் இல்லம். பள்ளி திறந்து சில வாரங்களில் இல்லக் கூட்டம் நடக்கும், யாராவது உங்கள் பெயரைச் சொல்வார்கள், நாலு பேர் கை தூக்குவார்கள், அவ்வளவுதான், இந்த ஆண்டு சிவப்பு இல்லத்துக்கோ நீல இல்லத்துக்கோ நீங்கள்தான் தலைவர். உடனே எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: நூறு மீட்டருக்கு யார், அஞ்சலோட்டத்துக்கு யார்? அதற்கு அவசரமே இல்லை. ஓடத் தெரிந்தவர்களை நீங்கள் தேட வேண்டியதில்லை, அவர்களே வந்து நிற்பார்கள். கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இல்லப் பொறுப்பாசிரியராக இருந்து நான் பார்த்த வரையில், ஓர் இல்லம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அங்கே வராமல் இருப்பவர்களைத்தான் பார்க்க வேண்டும். இடைநிலைப்பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளான படிவம் 4, 5-இல் இருந்துகொண்டு இல்லச் செயலவையில் பொறுப்பேற்றிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பொறுப்பாசிரியர்கள் படித்தாலும் நல்லதுதான்.

சரி, முதல் வேலை. ஆசிரியரிடம் இல்லத்தின் முழுப் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 1,200 பேர் படிக்கும் பள்ளியில் நாலு இல்லம் என்றால் உங்கள் கையில் 300 பேர். அதில் பெரும்பாலானவர்களின் முகம்கூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. பட்டியலைச் செயலவையில் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுங்கள், ஆளுக்கு முப்பது. ஒவ்வொருவரும் தன் முப்பது பேரின் பெயர், வகுப்பு, அவர்கள் வீட்டுக்கு எதில் போகிறார்கள் என்கிற மூன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மூன்றாவதைச் சும்மா சொல்லவில்லை. மதியப் பயிற்சிக்கு வராதவர்களை 'ஆர்வம் இல்லாதவர்கள்' என்று எழுதிவிடுகிறோம், ஆனால் பள்ளி வேன் ஒரு மணிக்கே கிளம்பிவிடும், அதை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வீடு போய்ச் சேர வேறு வழி கிடையாது. செந்தூலில் அடுக்குமாடியில் இருந்து வருகிற பிள்ளைக்கும் பினாங்கில் ஆயர் ஈத்தாமில் இருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கும் இதே கதைதான். யார் எதில் போகிறார்கள் என்று தெரிந்தால், ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்த்துவிடலாம், அல்லது அந்த நாளின் பயிற்சியைப் பள்ளி முடிவதற்கு முன்னால் உள்ள விளையாட்டுப் பாடவேளையில் வைக்க முடியுமா என்று ஆசிரியரைக் கேட்கலாம்.

உங்கள் பள்ளியில், படிவம் 1-க்கு முன் மலாய்க்காக ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்பு இருந்தால் ஒரு கண் அங்கேயும் இருக்கட்டும். பட்டியல் படிவம் 1 என்று தொடங்குவதால் அந்தப் பிள்ளைகள் விட்டுப்போவது எளிது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் நம் பிள்ளைகள் சிலர் அங்கேதான் இருப்பார்கள். ஏற்கெனவே கூட்டாளிகள் எல்லாம் படிவம் 1-க்குப் போய்விட்டார்களே என்ற குறை மனதில் இருக்கும், அதன்மேல் இல்லத்திலும் பெயர் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய விஷயம் இது. நம் நாட்டில் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகளில் 150 பேருக்கும் குறைவான மாணவர்களே இருக்கிறார்கள். அங்கே தலைமையாசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், கேண்டீன் அக்காவுக்கு அது நாசி லெமாக்கில் சம்பல் வேண்டாம் என்று சொல்வதுகூடத் தெரியும். அப்படி வளர்ந்த பிள்ளை திடீரென்று ஆயிரம் பேருக்கு நடுவில், மலாயில் வேகமாக நடக்கிற சபைக்கூடலில், பெயர் தெரியாத ஒருவராக நிற்கிறது. வகுப்பில் இருப்பவர்களும் அதே வயது, அதே பயம். கழகம், சீருடை இயக்கம் எல்லாம் அவரவர் கூட்டாளிகளோடு போய்ச் சேர்வது. இல்லம் மட்டும்தான் கேட்காமலே கிடைப்பது, அதில்தான் படிவம் 1 பிள்ளைக்கும் படிவம் 5 பிள்ளைக்கும் ஒரே நிறச் சட்டை, முதல் வகுப்புக்காரருக்கும் கடைசி வகுப்புக்காரருக்கும் ஒரே கூடாரம், மலாய், சீன, இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரே புள்ளிப் பலகை. இந்த வசதியை விளையாட்டு நாளுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மூடி வைப்பது எனக்கு உண்மையிலேயே மனத்தாங்கல்.

அந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் போய், 'ஏன் தனியா இருக்கே? ஏதும் பிரச்சனையா?' என்று கேட்காதீர்கள். அது கூனிக்குறுகிவிடும், 'ஒன்னும் இல்லக்கா' என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் வேறு மூலைக்குப் போய்விடும். ஒரு வேலையைக் கொடுங்கள். நீளம் தாண்டும் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 'தம்பி, இந்த டேப் முனையைக் கொஞ்சம் பிடி' என்று சொல்லுங்கள். அவன் எழுந்து வந்து பிடிப்பான். மணலில் யார் கால் எங்கே பட்டது என்று பார்ப்பான், 'அண்ணே, இவரு பின்னால கை ஊனிட்டாரு' என்று அவனே சொல்வான். அதுதான் அவன் இல்லத்தில் பேசிய முதல் வார்த்தை. அடுத்த வாரம், 'டேப் எங்கண்ணே?' என்று அவனே கேட்டுக்கொண்டு வருவான். நீங்கள் அவனுடைய சோகக் கதையை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, ஆனால் ஆள் வந்து சேர்ந்துவிட்டான்.

இப்படிக் கொடுக்க வேலைகள் நிறையவே இருக்கின்றன. குழி மணலைச் சமப்படுத்த ஒருவர், நேரம் குறிக்க ஒருவர், தண்ணீர்க் கலனை நிரப்ப இருவர், சட்டை அளவு எழுத ஒருவர், படம் பிடிக்க ஒருவர். வரையத் தெரிந்த பிள்ளை இருந்தால் கூடார அலங்காரம் அவள் பொறுப்பு. கோலம் போடுகிற தங்கச்சிகள் இருந்தால் நுழைவாயிலில் இல்லச் சின்னத்தையே கோலமாகப் போடச் சொல்லுங்கள், நடுவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். தைப்பூசத்துக்கு உறுமி மேளம் அடிக்கிற பையன்கள் நம் பள்ளிகளில் தாராளமாக இருக்கிறார்கள். கட்டொழுங்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு உறுமியையும் மலாய்க் கைப்பறையான கொம்பாங்கையும் ஒன்றாக இறக்குங்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன் அன்றைக்கு மொத்தத் திடலையும் ஆட வைப்பான்.

அப்புறம் சுக்கந்தாரா. இதை ஏதோ விளையாட்டு நாளுக்கு முந்தைய சடங்கு போல நினைத்து ஓட்டிவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் விளையாட்டு நாளைவிட இதுதான் முக்கியம். விளையாட்டு நாளில் ஜெயிப்பவர்களால்தான் புள்ளி வரும். சுக்கந்தாராவில் அந்தந்த வயதுக்கு வைத்திருக்கும் நேரத்தையோ தூரத்தையோ எட்டினாலே இல்லத்துக்குப் புள்ளி, யாரையும் தோற்கடிக்க வேண்டாம். 'நான் ஸ்போர்ட்ஸ் ஆள் இல்லக்கா' என்கிற பிள்ளையும் கணக்கில் வருகிற ஒரே இடம் அது. அதனால் சுக்கந்தாராவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே, வேகமாக ஓடுகிறவர்களை விட்டுவிட்டு மற்றவர்களோடு உட்காருங்கள். குண்டு எறிதலில் பெரும்பாலானவர்கள் பந்தை வீசுவது போல வீசிவிட்டு, அது காலடியிலேயே விழுந்ததும் வெட்கப்பட்டு ஓடிவிடுவார்கள். குண்டைக் கழுத்தோடு ஒட்டி வைத்து, முட்டி மடக்கி எழும்பும்போது தள்ளிவிட வேண்டும், வீசக்கூடாது என்று ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் போதும், தூரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடும். நீளம் தாண்டுதலில் பின்பக்கம் சாய்ந்து கை ஊன்றினால், கை பட்ட இடத்திலிருந்துதான் அளப்பார்கள், அதனால் விழுந்தாலும் முன்னால் விழச் சொல்லுங்கள். இந்த இரண்டும் தெரிந்தாலே புள்ளி வாங்காத பலர் வாங்கிவிடுவார்கள், வாங்கினவரின் பெயரை அன்றைக்கே இல்லக் குழுவில் போடுங்கள்.

பயிற்சி நேரம் பற்றிச் சுருக்கமாக. வெயிலோடு விளையாட வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை போனால் அது முதல் நிலை வெப்ப எச்சரிக்கை, அப்போது வெளியே நடவடிக்கை வைக்கக்கூடாது. நோன்பு மாதத்தில் ஓட்டப் பயிற்சி வேண்டாம், அந்த நாட்களில் கூடார வேலை, ஆரவாரப் பாட்டு எழுதும் வேலை என்று உட்கார்ந்து செய்வதை வையுங்கள். மூன்றரைக்கு முடியும் என்று கடிதத்தில் எழுதியிருந்தால் மூன்றரைக்கு முடியுங்கள். ஒரு தடவை நாலேகால் ஆகிவிட்டால், முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் அம்மாமார்கள் அடுத்த தடவை அனுப்ப மாட்டார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை.

காசு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இல்லச் சட்டைக்கு 25, 30 ரிங்கிட் என்றால் சில வீடுகளில் அது பெரிய தொகை, அதுவும் ஒரே பள்ளியில் மூன்று பிள்ளைகள் படித்தால். யார் கட்டவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடவே கூடாது. பணத்தை ஆசிரியர் தனியாக வாங்கட்டும். பள்ளியை விட்டுப் போகும் படிவம் 5 மாணவர்களிடம் பழைய சட்டைகளைக் கேட்டு வாங்கி, துவைத்து, அளவுவாரியாக ஒரு பெட்டியில் வையுங்கள். இந்தப் பெட்டி எல்லாருக்கும் பொது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் எடுக்கிறவருக்குக் கூச்சம் இருக்காது.

மொழி. இல்லக் குழுவில் எழுதுவது எல்லாருக்கும் புரிகிற மொழியில் இருக்கட்டும். நம் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கூடாரத்தின் ஒரு மூலையில் சேர்ந்து தமிழில் பேசிச் சிரிப்பதில் ஒரு குற்றமும் இல்லை, புது இடத்தில் அது பெரிய ஆறுதல். ஆனால் தலைவர் நாள் முழுக்க அந்த மூலையிலேயே உட்காரக்கூடாது. அதே மாதிரி பட்டப்பெயர்: மலாயில் 'ஈத்தாம்', 'கெமோக்', தமிழில் கருப்பு, குண்டு என்று நிறத்தையும் உடம்பையும் சொல்லிக் கூப்பிடுவது நம் பள்ளிகளில் சர்வசாதாரணமாகிவிட்டது, கூப்பிடப்படுகிற பிள்ளையும் சேர்ந்து சிரிப்பதால் பரவாயில்லை என்று நினைக்கிறோம். பரவாயில்லை என்பது உண்மையில்லை. உங்கள் இல்லத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள், நீங்களும் அப்படியே நடந்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பை தூக்க வைப்பது, பிந்தி வந்தால் தண்டால் எடுக்க வைப்பது எல்லாம் பகடிவதை, 'இல்ல மரபு' என்று பெயர் வைத்தாலும்.

இல்லப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருந்தால் அதைச் சொல்லிக் கொடுங்கள். 1893-இல் தொடங்கிய கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில், பள்ளியின் தொடக்ககால அறங்காவலர்களில் ஒருவரான தம்புசாமிப் பிள்ளையின் பெயரில் ஓர் இல்லம் உண்டு. 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில், அங்கேயே படித்து, பிறகு 1910-11-இல் மஞ்சூரியாவில் பிளேக் நோயை அடக்கிய டாக்டர் வூ லியன் டே பெயரில் ஓர் இல்லம் இருக்கிறது. உங்கள் இல்லம் மலாய் வீரர் ஹங் துவாவின் பெயரில் இருக்கலாம், வெறும் மஞ்சளாகவும் இருக்கலாம். பெயர் இல்லாவிட்டால், அந்த நிறச் சட்டை போட்டு ஓடிய பழைய மாணவர் ஒருவரைக் கூட்டிவந்து பத்து நிமிடம் பேச வையுங்கள், அதுவே போதும்.

இனி கஷ்டமான பகுதி. 2022-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருப்பது தெரியவந்தது. உங்கள் முந்நூறு பேர் பட்டியலை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டேப் பிடித்த அந்தத் தம்பி ஒருநாள் எல்லாரும் போன பிறகு நின்றுகொண்டு, 'எனக்கு ஸ்கூலுக்கு வரவே பிடிக்கலண்ணே' என்று சொல்லலாம், அதைவிடப் பெரிதாகவும் சொல்லலாம். உட்காருங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். 'இதெல்லாம் ஒரு விஷயமா, எனக்கும்தான் இருந்துச்சு' என்று உங்கள் கதையை எடுக்காதீர்கள். 'யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள், அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாமல் போகலாம். 'இத நீயும் நானும் மட்டும் தூக்க முடியாது, நாளைக்கு ஆலோசக ஆசிரியர்கிட்ட நான் கூட வரேன்' என்று சொல்லி, சொன்னபடி வாசல் வரை போய் நில்லுங்கள். பள்ளியில் சக மாணவர் வழிகாட்டிகள் இருப்பார்கள், அவர்களில் ஒருவரை உங்கள் செயலவையில் சேர்த்துக்கொள்வது ரொம்ப உதவும்.

உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் நாளை என்று தள்ளாதீர்கள், பிள்ளையைத் தனியே விடாமல் அப்போதே பெரியவர் ஒருவரிடம் கூட்டிப் போங்கள். வீட்டிலிருந்து செய்தி அனுப்பினால் உங்கள் பெற்றோரை எழுப்புங்கள். ஹீல் மனநல உதவி எண் 15555, தாலியான் காசே அரசாங்க உதவி எண் 15999, மனச்சுமையைக் காதுகொடுத்துக் கேட்கும் தொண்டு அமைப்பான கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929. இந்த எண்களைச் சட்டைப் பட்டியலுக்குக் கீழேயே அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள், யாருக்குத் தேவை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

விளையாட்டு நாள் முடிந்ததும் பாதி இல்லங்கள் செத்துவிடும். மாதம் ஒரு தடவை, ஓய்வு நேரத்தில் கேண்டீனில் ஒரு மேசையைப் பிடித்து உங்கள் இல்லத்துப் படிவம் 1 பிள்ளைகளை உட்கார வைத்தாலே போதும். பாடத்தில் கெட்டிக்காரர்கள் அரைமணி நேரம் கணிதம் சொல்லிக் கொடுக்கட்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்லித்தான் நிறையப் பேர் வருகிறார்கள், பரவாயில்லை, எதற்காக வந்தாலும் வரட்டும், வந்தவர்களுக்கு வேலை கொடுங்கள்.

படிவம் 5 முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம்.-இன் முன்னோட்டத் தேர்வு நெருங்குவதற்கு முன்பே பொறுப்பைக் கைமாற்றிவிடுங்கள், அப்புறம் உங்களுக்கு நேரம் இருக்காது. ஒரு நோட்டில் யாருக்கு எந்த வேலை பிடிக்கிறது, யார் எந்தப் பக்கம் போகிறார்கள், சட்டைப் பெட்டி எங்கே இருக்கிறது, எந்த ஆசிரியரிடம் எதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். யார் வந்து அழுதார்கள், யார் வீட்டில் என்ன பிரச்சனை என்பதை அதில் எழுத வேண்டாம். அடுத்த தலைவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் என்றால், அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, ஆலோசக ஆசிரியரை வைத்துக்கொண்டு நேரில் சொல்லுங்கள்.