அம்மாவின் சக்கர நாற்காலியும் 24 அங்குலக் கதவும்

முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியில் நடமாடும் அம்மாவைக் கும்பகோணத்துக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள ஒரு விடுதிக்கு அழைத்துச் சென்றபோது, "சக்கர நாற்காலி வசதி உண்டு" என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி முன்பணம் கட்டியிருந்தேன். போய்ப் பார்த்தால், அந்த வசதி வரவேற்பறை வாசலோடு நின்றுவிட்டது. குளியலறைக் கதவின் அகலம் 24 அங்குலம்; எங்கள் நாற்காலியோ, கையால் உருட்டும் வளையத்தோடு சேர்த்து 26 அங்குலம்.

அடுத்த முறை வேறொரு விடுதியிடம், வசதி உண்டா என்று கேட்பதையே விட்டுவிட்டு, கதவைத் திறந்தால் கிடைக்கும் இடைவெளி, கட்டிலின் உயரம், வாசற்படியின் உயரம் ஆகியவற்றை அளவுநாடா வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். படியைத்தான் பலரும் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். சாய்தளத்துக்கு 1:12 என்ற சரிவே, அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளமே, நெறி என்பதால், 6 அங்குல ஒற்றைப் படிக்கே 6 அடி நீளம் வேண்டும். இரண்டு ஆட்கள் தூக்கிவிடுவார்கள் என்று மேலாளர் அன்போடுதான் சொன்னார். ஆனால், பிறர் தூக்கிச் செல்வது அம்மாவுக்குப் பிடிக்காது. பலகையில் சாய்தளம் செய்து வைத்தார்கள்.

கழிப்பறைப் பீங்கானுக்கு மேல் தள்ளி நிறுத்தக்கூடிய, சக்கரமுள்ள கமோடு நாற்காலியைத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவச் சாதனக் கடையில் வாடகைக்கு எடுத்து, பிரேக்கையும் உயரத்தையும் முதல்நாளே சரிபார்த்துக் காரில் ஏற்றிக்கொண்டோம். தரைத்தளத்து அறையின் எண்ணையும் எழுத்தில் வாங்கியிருந்தேன். இம்முறை அம்மா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போனார்.